மணலில் இழுக்காத ஜீப்

துறைமுகப் பணிமனையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். "உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான ரிப்பேர் எது அண்ணாச்சி? அத எழுதுங்க" என்றான் அவர்களில் ஒருவன். கடலுக்குள் சாய்ந்த லாரி, நடு வேலையில் நின்றுபோன கிரேன் என்று ஏதாவது வரும் என நினைத்திருப்பான். அவையெல்லாம் உடம்புக்குக் கஷ்டம், அவ்வளவுதான். எனக்குக் கஷ்டமாக இருந்தது, நன்றாக ஓடிய ஒரு ஜீப்.

என் சொந்த ஊர் ஏரலுக்குப் பக்கத்தில். ஆற்றுப் பாசனம், நெல் வயல். வயலைப் பார்க்க அண்ணன்கள் இருந்ததால் என்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார்கள். படித்து முடித்துக் கொஞ்ச காலம் ஒரு தனியார் பஸ் ஷெட்டில் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது வேகம். விடிந்தால் பஸ் கிளம்பியாக வேண்டும். எப்படிக் கிளம்புகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். டீசல் டேங்க் ஒழுகினால் சோப்பை வைத்து அடைப்போம். சைலன்சர் தொங்கினால் கம்பி வைத்துக் கட்டுவோம். வண்டி திருச்செந்தூர் போய்த் திரும்பி வந்துவிட்டால் கெட்டிக்காரன் என்று பெயர். நானும் கெட்டிக்காரன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீளச் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு சிறு பகுதியைத் துணை ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. நான் துறைமுகப் பணிமனைக்கு மாறியது பிறகுதான். மில்லர்புரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன்.

கம்பெனியிடம் லாரிகளோடு ஒரு ஜீப்பும் இருந்தது. ராணுவத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கலாம். லாரி போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். சுவரின் முனையில் கல் இன்னும் அடங்காமல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். சுவர் கரையைத் தொடும் இடத்தில் கணுக்கால் புதையும் மணல். இரண்டையும் தாண்டி வெல்டிங் சிலிண்டர், சாப்பாட்டுக் கூடை, அளவெடுக்கும் என்ஜினியர் எல்லாவற்றையும் அதுதான் சுமந்தது. யாருக்காவது அடிபட்டால் தூக்கி வருவதும் அதில்தான். வேலையாட்கள் அதைப் பச்சைக் கழுதை என்பார்கள்.

பட்டறைக்குப் பொறுப்பு சாமுவேல் சார். நாசரேத்துக்காரர். ராணுவப் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர், அப்போதே தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் பட்டறையில் ஒரு சொல்லுக்கு இடமில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். ஒரு லாரியில், வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியை கேஜ் தகடு நுழைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டு, "அநேகமா சரியா இருக்கு சார்" என்றேன்.

"அநேகமான்னா?"

"சரியா இருக்குன்னுதான் நெனைக்கேன் சார்."

"நீ நெனைக்கது எனக்கு வேண்டாம் சுடலை. கேஜ் உள்ள போச்சா, போகலையா?"

"கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு."

"ஆங். அதச் சொல்லு."

முக்கியமான அளவு எதுவானாலும் இரண்டு பேர் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்ததை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. சாக்பீஸால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, இருவரும் ஒரே நேரத்தில் கையை விரிக்க வேண்டும். அளவு ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை. லாரி டிரைவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "என்ன வே, ரெண்டு பேரும் ஒத்தையா ரெட்டையா விளையாடுதீயளா?" என்று சிரிப்பார்கள். சார் கண்டுகொள்ள மாட்டார். கழற்றிய பழைய சாமான் எதையும் உடனே எறியவும் விட மாட்டார். வண்டி ஓடி, பழகி, யாரும் குறை சொல்லாமல் ஒரு மாதம் போக வேண்டும். அதுவரை மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும்.

அவருக்கு ஆகாதது மணல். கடற்காற்றில் பட்டறைக்குள் வந்து விழுகிற மணலே போதும், நாமாகத் தேடிப் போக வேண்டாம் என்பார். பழுது பார்த்த வண்டியைத் தார் ரோட்டில்தான் ஓட்டிப் பார்ப்பார். பாளையங்கோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரே இடத்தில் திருப்பி, ஒரே வேகத்தில் வருவார். வந்து இறங்கி சாவியை என் கையில் கொடுத்தால் வண்டி தேறிவிட்டது என்று அர்த்தம்.

ஜீப் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை விட்டது. எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டுவது என்று சார் முடிவு செய்தார். பிளாக்கை மதுரைக்கு அனுப்பி, சிலிண்டர்களைக் குடைந்து சீராக்கும் போரிங் செய்து வாங்கினோம். பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங், டைமிங் பல்சக்கரம் எல்லாம் மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தன.

வண்டி வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதும், வால்வு திறந்து மூடுவதும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது முன்பக்கம் ஒன்றோடொன்று கடித்து நிற்கும் இரண்டு பல்சக்கரங்கள். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் என்று தெரிவதற்காக, செய்தவனே இரண்டிலும் ஒரு புள்ளி குத்தி அனுப்புவான். புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து மாட்ட வேண்டும்.

அப்படித்தான் மாட்டினோம். சார் பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பார்த்தார். பிறகு அவர் வெளியே போய் நான் பார்த்தேன். கையை விரித்தோம். இரண்டு உள்ளங்கையிலும் 'நேர்' என்று எழுதியிருந்தது.

எஞ்சின் கைப்பிடியைச் சுற்றியதுமே பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது. புகை இல்லை. ரோட்டில் ஓட்டிப் பார்த்தார், திரும்பி வந்து சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டி வேலைக்குப் போனது.

ஜீப் டிரைவர் பெயர் மச்சாது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற குடும்பம். அவரும் குளித்தவர்தான். ஆழத்தில் ஒருமுறை இடது காதில் ஏதோ வெடித்தது போல ஆகி, ரத்தம் வந்து, அந்தக் காது போய்விட்டது. அதன்பிறகு கடலில் இறங்காமல் டிரைவர் வேலைக்கு வந்தார். யாராவது பேசினால் வலப்பக்கத்தைத் திருப்பிக் கேட்பார். வேலைக்குப் போன ஜீப்பை அவர் பட்டறைக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது நாங்கள் ஒரு லாரியின் வேலைக்கு மாறியிருந்தோம்.

"சார், ரோட்டுல நல்லாத்தான் ஓடுது. மண்ணுல எறங்குனா மூச்சு வாங்குது. கல்லு மேல ஏற மாட்டேங்குது. முன்னாடில்லாம் புகை விட்டுக்கிட்டாவது ஏறும்."

சார் குறை கேட்டால் கோபப்படுகிறவர் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நல்ல நிறத்தில் எரிந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளி வைத்தோம். கார்புரேட்டரை இறக்கி ஜெட்டுகளை ஊதினோம். பெட்ரோல் பம்பைப் பார்த்தோம். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றினோம். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்தோம். டாப்பெட் இடைவெளி வைத்தது வைத்தபடி இருந்தது. சார் ரோட்டில் ஓட்டினார். வண்டி நன்றாக ஓடியது. சாவியைக் கொடுத்தார்.

மச்சாது மறுபடி வந்தார். மறுபடி பார்த்தோம். மறுபடி ரோட்டில் ஓடியது.

மூன்றாம் முறை வந்தபோது ஒரு லாரி டிரைவர், "ஏலே மச்சாது, ஒத்தக் காத வச்சுக்கிட்டு எஞ்சின் சத்தத்துல என்னலே குத்தம் கண்டுபிடிச்ச?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மச்சாது முகம் மாறவில்லை. "சத்தத்த வச்சு நான் எதுவும் சொல்லல. மிதிச்சா வண்டி முன்னால போகணும்லா? போகலன்னுதான் சொல்லுதேன்."

சார் சிரிக்கவில்லை. ஆனால் மச்சாதுவை அவர் நம்பவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. புது எஞ்சின், இன்னும் இறுக்கம் விடவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். இதுவும் நடக்கக்கூடியதுதான். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

அந்த வாரமே சுவர் முனையில் ஒரு கல் புரண்டது. கல்லைக் கடப்பாரையால் நெம்பி இடத்தில் உட்காரவைக்கும் வேலையில் மாரியப்பன் என்ற ஆள் இருந்தார். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். கல் அவருடைய வலது காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. மச்சாது வெறும் ஜீப்பை எப்படியோ முனை வரைக்கும் கொண்டுபோய் அவரை ஏற்றிக்கொண்டார். திரும்பும்போது, சுவர் கரையைச் சேரும் மணலில் வண்டி திணறியது. கியரை இறக்கிப் பார்த்தார், நான்கு சக்கர இழுவையும் போட்டுப் பார்த்தார். எஞ்சின் இருமி இருமி நின்றது. கிளப்பினால் மறுபடி நின்றது. கடைசியில் ஆட்கள் ஒரு பலகையில் மாரியப்பனைக் கிடத்தி, மணலில் கால் புதையப் புதைய ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து ஒரு கல் லாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பலகையிலிருந்து ரத்தம் ஒழுகிய கோடு மணலில் தெரிந்ததாகத் தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் பட்டறைக்கு வந்தார். மெட்ராஸ் ஆள், சில மாதங்களுக்கு முன்தான் பொறுப்பெடுத்திருந்தார். மச்சாதுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"டிரைவர் நெர்வஸ் ஆகி வண்டிய ஆஃப் பண்ணிட்டான். அதான் நடந்தது. மிஸ்டர் சாமுவேல், வண்டி கண்டிஷன் நல்லா இருந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க. நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க?"

"ஆமா. நாந்தான் ஓட்டிப் பாத்தேன்."

"நல்லா ஓடிச்சுல்ல?"

"ரோட்டுல நல்லா ஓடிச்சு."

"அப்புறம் என்ன? இன்னைக்கே குடுங்க."

அவர் போன பிறகு சார் கையைக் கழுவினார். மெதுவாகக் கழுவினார், நகக்கண் எல்லாம். வெளியே மச்சாது கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. சார் அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றார்.

"மச்சாது, என்னைய மணலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

மச்சாது நிமிர்ந்து பார்த்தார். "என்னைய வண்டியத் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காவ சார்."

"நான் சொல்லுதேன். எடு."

சார் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். தார் ரோட்டில் வண்டி அருமையாகப் போனது. கரையில் இறங்கியதும் எஞ்சினின் குரல் தணிந்தது. மிதிக்க மிதிக்க அடைத்துக்கொண்டது. முன்னால் எங்கிருந்தோ 'புஸ், புஸ்' என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது.

"திரும்ப" என்றார் சார்.

மச்சாது கிளப்பிப் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினார். ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. சார் இறங்கி வந்து, தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவர் மணலில் வண்டி ஓட்டி அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் நின்றது.

கீழே இறங்கி பானட்டைத் திறந்தார். காற்று வடிகட்டியைக் கழற்றச் சொன்னார். மச்சாதுவிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை லேசாக விட்டுக் கொஞ்சம் பாரம் கொடுக்கச் சொன்னார். கார்புரேட்டரின் வாயருகே தன் உள்ளங்கையைப் பிடித்தார். அந்த வாய் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்து என்னிடம் காட்டினார். கை முழுக்கப் பனி விழுந்தது போல ஈரம். பெட்ரோல்.

"உள்ள போனத வெளிய துப்புது" என்றேன்.

"ஆமா" என்றார். "துப்புது."

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். கம்ப்ரஷன் கேஜ் எடுத்து நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தோம். அவர் ஒருமுறை, நான் ஒருமுறை. கையை விரித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. நான்கும் சமமாக இருந்தன. நான்கும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தன.

சார் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தார். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அதன் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டில் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். நான்கிலும் ஒன்றுபோலக் குறைந்தால்? ரிங்காக இருக்கலாம் என்று ஒவ்வொரு பிளக் துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். ரிங் கசிந்தால் எண்ணெய் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏற வேண்டும். சொல்லும்படியாக ஏறவில்லை. ரிங் குற்றமற்றது.

பிறகு எஞ்சின் பக்கவாட்டில் டாப்பெட் மூடியைத் திறந்தார். அந்த எஞ்சினில் வால்வுகள் பக்கத்தில் இருக்கும். மூடியைத் திறந்தால் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றச் சொன்னார். முதல் பிஸ்டன் எரிந்த புகையைத் தள்ளிவிட்டு உச்சிக்கு வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஃபிளைவீலில் அதற்கொரு குறி இருக்கும். அந்த இடத்தில் புகை போகும் வால்வு மூடப் போகும். காற்று வரும் வால்வு திறக்கத் தொடங்கும். தராசு முள் போல ஒன்று இறங்க ஒன்று ஏற, இரண்டும் ஒரு கணம் சேர்ந்து ஊசலாட வேண்டும்.

"நிப்பாட்டு" என்றார் சார். பார்த்தார். எழுந்து வெளியே போனார். நான் குனிந்து பார்த்தேன்.

புகை போகும் வால்வு இன்னும் நன்றாகத் திறந்தே இருந்தது. காற்று வரும் வால்வு அசையவே இல்லை.

வால்வுகள் எல்லாமே தாமதமாக வேலை செய்தன. தாமதமாகத் திறந்து தாமதமாக மூடுவதால், பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த பெட்ரோல் காற்றில் ஒரு பகுதி வந்த வழியே வெளியே போனது. ரோட்டில் வேகமாக ஓடும்போது வெளியே போக அதற்கு நேரம் கிடைக்காது. வண்டி நன்றாக ஓடும். மணலிலும் கல்லிலும் மெதுவாக, பாரத்தோடு இழுக்கும்போது போய்விடும். சார் ரோட்டில் பார்த்தது உண்மை. மச்சாது மணலில் பார்த்ததும் உண்மை.

ஆனால் புள்ளிக்கு நேர் புள்ளி வைத்தோமே? ரேடியேட்டரை இறக்கி முன்பக்க மூடியைக் கழற்றினோம். புள்ளிகள் நேருக்கு நேர் நின்றன. மச்சாதுவும் எட்டிப் பார்த்தார்.

சார் மேஜைக்கு அடியில் கிடந்த மரப்பெட்டியை இழுத்தார். வால்வுகளை இயக்கும் பழைய பல்சக்கரத்தை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார். புதியதைக் கழற்றி, பழையதன் மேல் வைத்து, போல்ட் துளைகளை ஒன்றோடொன்று பொருத்தினார். பல்லுக்குப் பல் சரியாக உட்கார்ந்தது. பழையதன் புள்ளி ஒரு பல்லில் இருந்தது. புதியதன் புள்ளி அதற்கு அடுத்த பல்லில் இருந்தது.

குத்தியவன் கை ஒரு பல் தவறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு பல் தள்ளி மாட்டினோம். வால்வுகள் ஊசலாட வேண்டிய இடத்தில் ஊசலாடின. அழுத்தம் ஏறியது. எல்லாம் மூடி, மச்சாதுவிடம் கொடுத்து மணலில் இறக்கினோம். வண்டி நிற்காமல் சுவர் வரைக்கும் போனது. மச்சாது அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுதாரோ என்னவோ, நாங்கள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் மேனேஜரிடம் சார் போனபோது நானும் கூடப் போனேன். எஞ்சினில் கோளாறு இருந்தது, டிரைவர் மேல் தப்பில்லை, முன்கூட்டியே மூன்று முறை வந்து சொன்னார், நான்தான் சரியாக இருக்கிறது என்று அனுப்பினேன் என்று எழுதியே கொண்டுபோயிருந்தார். மேனேஜர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

"இதக் குடுத்தா பழி உங்க தலையிலதான் விழும், தெரியுதா? பார்ட்ஸ் டிஃபெக்டுன்னு எழுதிருங்களேன்."

"பார்ட்ஸ் டிஃபெக்ட்டும் எழுதிருக்கேன் சார். ரெண்டாவது பாராவுல."

தாள் கொஞ்ச நேரம் இரண்டு பேர் கைக்கும் நடுவில் நின்றது. பிறகு மேனேஜர் அதை மேஜை மேல் வைத்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், புள்ளிய மாத்திக் குத்துனவன் எங்கயோ இருக்கான். நாம ரெண்டு பேரும் பாத்துத்தான மாட்டுனோம்? நீங்க ஏன் தலையக் குடுக்கணும்?"

"குத்துனவன் எங்கயோதான் இருக்கான். வண்டி நல்லா இருக்குன்னு மச்சாதுகிட்ட சொன்னது அவனா, நானா?"

மச்சாது வேலைக்குத் திரும்பினார். சாரைக் கல் குவாரிக்கு மாற்றினார்கள். அங்கே பட்டறை என்று ஒன்றும் கிடையாது. தகரக் கொட்டகையும் இரண்டு கம்ப்ரஸரும்தான். போவதற்கு முன் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். வண்டி நிற்காமல் வந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டார். டாக்டர் பொறுமையான மனிதர்.

"கல்லு விழுந்தப்பவே போயிருக்கலாம். ரத்தம் போனதுனாலயும் இருக்கலாம். என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அநேகமா எது டாக்டர்?"

அந்தச் சொல்லை அவராகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தெரியாது என்பதுபோல டாக்டர் தலையை அசைத்தார்.

மாரியப்பன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு சார் என் அறைக்கு வந்தார். வெள்ளை வேட்டி சட்டை. "வாரியா? மாரியப்பனப் பாத்துட்டு வருவோம்" என்றார். பஸ்ஸில் போய் இறங்கி, பருத்திக் காட்டு வழியாக நடந்தோம்.

மாரியப்பன் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அவர் மனைவி வெள்ளையம்மா எங்களுக்குப் பாய் விரித்தாள். கம்பெனியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சார் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். எஞ்சினைப் பற்றி, பல்லைப் பற்றி, இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டி, ஒரு விரல் தள்ளிக் கோத்துக் காட்டிச் சொன்னார். மாரியப்பன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த டிரைவரு பயந்துபோயி நிப்பாட்டலயா?" என்று கேட்டார்.

"இல்ல. வண்டி போகல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

மாரியப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் சார்.

மாரியப்பன்தான் சொன்னார். "கம்பெனி ஆளுக ஆஸ்பத்திரியில வந்து டிரைவரு மேலதான் தப்புன்னு சொன்னாக. இவ நம்ம ஊரு காளி கோயில்ல அவனுக்குக் காசு வெட்டிப் போட்டுட்டா."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அநியாயம் செய்தவனை மனிதர்கள் கேட்காதபோது, ஒரு காசைத் துண்டாக வெட்டி அவன் பேரைச் சொல்லிச் சாமி முன்னால் போடுவது. இனி சாமி கேட்கும். அவன் குடும்பத்தையும் சேர்த்துக் கேட்கும் என்பது நம்பிக்கை. போட்டவரே அந்தக் காசைத் திரும்ப எடுத்தால்தான் அது விலகும்.

"அந்த ஆளு புள்ளகுட்டிக்காரரா?" என்றாள் வெள்ளையம்மா.

"மூணு புள்ளைக" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சார் சொன்னார்: "அம்மா, அந்தக் காச எடுத்துருங்க. எடுத்துட்டு எம் பேருக்கு வெட்டிப் போடுங்க. எம் பேரு சாமுவேல். ஊரு நாசரேத்து."

"எய்யா, நீங்க வேதக்காரவுக" என்று மாரியப்பன் பதறினார்.

"அதுனால என்ன? கேக்க வேண்டிய ஆளத்தான கேக்கணும்."

வெள்ளையம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"காசு வெட்டுதது கேட்டா பதில் சொல்லாதவனுக்கு சார். நீங்க வாசல் தேடி வந்து பேரும் ஊரும் சொல்லுதீக. ஒங்களுக்கு எங்கிட்டு வெட்ட?"

எங்களுக்கு மோர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், இருட்டுவதற்குள் போய்விட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, எங்களோடு கிளம்பினாள். காட்டுப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். பஸ் ரோட்டுக்கும் கோயிலுக்கும் வழி பிரிகிற இடத்தில் நின்று திரும்பினாள்.

"சார், அந்த டிரைவரு பேரு என்ன? போடையில டிரைவருன்னு மட்டுந்தான் சொன்னேன். எடுக்கையில பேரச் சொல்லணும்லா?"

"மச்சாது" என்றார் சார். "சேவியர் மச்சாது."

அவள் அந்தப் பழக்கமில்லாத பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. சார் மறுபடி சொன்னார். அவள் அதை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கோயிலை நோக்கி வேகமாக நடந்தாள்.